அண்ணிக்காகத் திருத்திய லூப்

என் வீட்டுக்காரரின் அக்கா கால் உடைந்து எங்கள் படூர் ஃப்ளாட்டுக்கு வந்த அன்றைக்கு லிஃப்ட் ரிப்பேர். மூன்றாவது மாடி. பிளாஸ்டிக் சேரில் அவரை உட்கார வைத்து, முன்னால் வாட்ச்மேனும் பின்னால் என் வீட்டுக்காரருமாகத் தூக்கினார்கள். மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு தலையணையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நான் பக்கவாட்டில் ஏறினேன்.

"டேய், பின்னாடி தாழுது பாரு. எத்தினி பேஷண்ட்ட நான் தூக்கியிருக்கேன், உனுக்கு ஒரு சேரு தூக்க வரல" என்று அண்ணி மாடி முழுக்கக் கேட்கும்படி தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அண்ணி நர்ஸ். மதுராந்தகம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை, வீடு கருங்குழியில். டியூட்டி முடிந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது சாலையில் கொட்டியிருந்த மணலில் வண்டி சறுக்கிவிட்டது. அவர் கணவருக்கு லாரி டிரான்ஸ்போர்ட்டில் வேலை, பாதி நாள் வெளியூரில் இருப்பார். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில். அதனால் கட்டுப் பிரிக்கும்வரை எங்களோடு இருப்பது என்று முடிவானது.

எனக்குக் கொஞ்சம் பயம்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி என்னிடம் சண்டை போட்டதில்லை, பாராட்டியதும் இல்லை. ரசம் நன்றாக இருந்தால் "பரவால்ல" என்பார். புடவை நன்றாக இருந்தால், "எங்க எடுத்த?" என்பார். நான் கேளம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன். அதை அவர் "கம்ப்யூட்டர் கிளாஸு" என்பார், ஏதோ டைப்பிங் சொல்லித் தருவதைப் போல. நானும் திருத்தியதில்லை.

வந்த முதல் வாரத்திலேயே அவருக்கு உட்கார்ந்திருப்பது தாங்கவில்லை. சீரியல் பிடிக்காது. போனில் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசி முடித்துவிட்டார். பால்கனியில் உட்கார்ந்து, எதிரே கட்டிக்கொண்டிருந்த அபார்ட்மெண்டின் கொத்தனார்களுக்கு மனசுக்குள் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். "செவுத்துக்குத் தண்ணி ஊத்தவே மாட்றானுங்க" என்று என்னிடம் புகார் வரும்.

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு அந்தப் பழைய மீன் கேம் ஞாபகம் வந்தது. அவர்கள் சின்ன வயதில், வெளிநாட்டில் வேலை பார்த்த தாய்மாமா ஒரு கேம் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். டிவியில் மாட்டி, டிஸ்க் போட்டு விளையாடுவது. கூட வந்த டிஸ்க்குகளில் ஒன்று மீன் பிடிக்கும் விளையாட்டு. ஒரு ஏரி, ஒரு படகு, ஒரு தூண்டில், அவ்வளவுதான். எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழியில் இருந்ததால் ஒன்றும் புரியாது. அதனால் மீன்களுக்கு அக்காவும் தம்பியும் தாங்களாகவே பேர் வைத்துக்கொண்டார்கள். மதுராந்தகம் ஏரியில் பார்த்த மீன்களின் பேர்கள்தான்: கெண்டை, கெளுத்தி, விரால். எப்போதாவது மட்டுமே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற பெரிய மீனுக்கு மட்டும் தாசில்தார் என்று பேர். தாசில்தாரை அண்ணி ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை.

மெஷின் எப்போதோ செத்துப்போயிருந்தது. டிஸ்க் மட்டும் கருங்குழி வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது. என் வீட்டுக்காரர் போய் எடுத்து வந்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மலிவான கையடக்க கேம் மெஷினும் வாங்கி வந்தார். அதில் எமுலேட்டர் என்று ஒரு புரோகிராம் ஓடும். பழைய கன்சோலைப் போலவே நடிக்கிற புரோகிராம். என் பழைய லேப்டாப்பில் டிஸ்க்கைக் காப்பி எடுத்து, அந்தச் சின்ன மெஷினில் ஏற்றி, அண்ணி கையில் கொடுத்தோம்.

ஏரி வந்தது. பாட்டு வந்தது. அண்ணியின் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது, அப்புறம் சுருங்கியது.

"இன்னாமா இது, இப்டி இழுத்துகினு கீது?"

உண்மைதான். பேட்டரி தீர்ந்த டேப் ரெக்கார்டர் மாதிரி பாட்டு இழுத்தது. தூண்டிலை வீசினால் அது தண்ணீரில் போய் விழுவதற்குள் கொட்டாவி விட்டுவிடலாம். மெஷினின் சின்னப் புராசஸருக்கு இந்த விளையாட்டு கனமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் மறைமலைநகரில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்ப்பவர். எந்த மெஷின் ஓடவில்லை என்றாலும் அவருக்குக் கை பரபரக்கும். செட்டிங்ஸைத் தோண்டி முதலில் ஃப்ரேம் ஸ்கிப் என்பதைப் போட்டார். அதாவது சில படங்களை வரையாமல் தாண்டிவிடுவது. பாட்டு கொஞ்சம் சரியானது, ஆனால் படம் தத்தித் தத்திப் போனது. இந்த விளையாட்டில் மீன் தூண்டிலைச் சுண்டுகிற அந்த ஒரு கணத்தில் பட்டனை அழுத்த வேண்டும். அந்தக் கணமே தாண்டப்பட்ட படங்களோடு போய்விட்டது.

அடுத்து புராசஸரை அதன் அளவுக்கு மேல் வேகமாக ஓட வைத்தார். அது வேலை செய்தது. அண்ணி ஒரு நல்ல விராலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது மெஷின் இட்லித் தட்டு மாதிரி சுட்டது, உடனே அணைந்தது.

"போடா! உன்னோட பேஜாரு" என்று அண்ணி அதைக் கட்டில் மேல் வீசினார். "ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் பாக்கறவன் கூட உன்ன விட நல்லா பாப்பான்."

எனக்கு அப்போது ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. "நான் பாக்கறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டேன்.

"நீயா? கிளாஸ் எடுக்கறதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

கல்லூரியில் படித்தபோது சி என்ற புரோகிராம் மொழியில் கொஞ்சம் எழுதியிருக்கிறேன். அதற்கப்புறம் எழுதியதெல்லாம் கரும்பலகையில்தான். ஆனால் அந்த எமுலேட்டர் இலவசமானது, அதன் மூல நிரலும் எல்லோருக்கும் திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிற சிலர் அதைப் பராமரிக்கிறார்கள்.

சனி, ஞாயிறு காலைகளில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன். முதல் நாள் ஒன்றுமே புரியவில்லை. யாரோ கட்டிய பெரிய கல்யாண மண்டபத்துக்குள் விளக்கில்லாமல் நுழைந்த மாதிரி இருந்தது. அப்புறம் ஒன்று செய்தேன். நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்கிற ஒரு கருவியை அதோடு இணைத்து ஓடவிட்டேன். படம் வரைவதில்தான் நேரம் போகும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பெரும்பாலான நேரம் விளையாட்டின் ஒரே ஒரு சின்ன இடத்தில் போய்க்கொண்டிருந்தது. நாலைந்து கட்டளைகள், திரும்பத் திரும்ப.

அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அது ஒரு லூப். ஒவ்வொரு ஜூன் மாசமும் நான் போர்டில் எழுதுகிற அதே வகை லூப். டிவியில் ஒரு படத்தை வரைந்து முடித்ததும் பழைய கன்சோலுக்குள் ஒரு சிக்னல் வரும், பள்ளிக்கூட மணி மாதிரி. இந்த விளையாட்டு தன் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு, "மணி அடிச்சாச்சா, மணி அடிச்சாச்சா" என்று கேட்டுக்கொண்டே நிற்கிறது. ஒரிஜினல் கன்சோலுக்கு அதில் கஷ்டமில்லை, அது சும்மாதான் நிற்கிறது. ஆனால் நடிக்கிற நம் சின்ன மெஷின், ஒவ்வொரு கேள்வியையும் ஒழுங்காக நடித்துக்கொண்டிருந்தது. சும்மா நிற்பதை நடிக்கத்தான் அது இவ்வளவு மூச்சு வாங்கியது.

காத்திருக்கும் லூப்பைக் கண்டுபிடித்து, நேராக மணி அடிக்கும் நேரத்துக்குத் தாவும் வசதி அந்தப் புரோகிராமில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அதற்குத் தெரிந்த வடிவங்கள் சிலதான். இந்த மீன் விளையாட்டின் லூப்பில் கூடுதலாக ஒரு கட்டளை இருந்ததால் அதற்கு அடையாளம் தெரியவில்லை. அந்தக் கூடுதல் கட்டளை இருந்தாலும் பரவாயில்லை, தாவு என்று நான் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு அண்ணி கையில் கொடுத்தபோது நான் பக்கத்தில் நிற்காமல் சமையலறைக்குப் போய்விட்டேன். பாட்டு கேட்டது. சரியான வேகத்தில், துள்ளிக்கொண்டு. தூண்டில் சொய்யென்று பறந்து தண்ணீரில் விழுகிற சத்தம்.

"டேய்! டேய், இங்க வாடா! அப்ப ஓடின மாரியே ஓடுதுடா!" என்று அண்ணி கத்தினார். மெஷின் சுடவும் இல்லை. பேட்டரியும் முன்பைவிட அதிக நேரம் நின்றது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே, நான் செய்த திருத்தத்தை அந்தப் புரோகிராமைப் பராமரிப்பவர்களுக்கு விளக்கத்தோடு அனுப்பிவைத்தேன். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

நாலைந்து நாள் போயிருக்கும். பள்ளி விட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அண்ணி கூப்பிட்டார்.

"இங்க வா. உக்காரு. நீ இன்னாமோ பண்ணிட்ட. இந்த ஏரியில உசிரு இல்ல."

"வேகமாத்தான அண்ணி ஓடுது?"

"ஓடுது. இரு, காட்றேன்." மெஷினை அணைத்து மறுபடி போட்டு என் கையில் கொடுத்தார். அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "வீசு. இப்ப கெண்ட வரும்."

வீசினேன். கெண்டை வந்தது.

"அடுத்தது பிஞ்ச பூட்ஸு."

வீசினேன். பழைய பூட்ஸ் ஒன்று தூண்டிலில் தொங்கியது.

"இப்ப கெளுத்தி. அப்பறம் ரெண்டு தபா ஒண்ணியும் வராது. எப்ப போட்டாலும் இதே வரிசதான். நானும் நாலஞ்சு நாளா தாசில்தாருக்குக் காத்துகினு கீறேன், அவன் இந்த வரிசையிலேயே இல்ல."

என் காது சூடாகிவிட்டது. ஓடிப் போய் லேப்டாப்பைத் திறந்தேன். அந்தக் கூடுதல் கட்டளையை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். "மணி அடிச்சாச்சா" என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும் விளையாட்டு ஓர் எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டிருந்தது. மணி அடிக்கும்போது அந்த எண் என்னவாக இருக்கிறதோ அதையும், இது எத்தனையாவது வீச்சு என்பதையும் வைத்துத்தான் அடுத்து எந்த மீன் என்று முடிவு செய்தது. விளையாடுகிறவரின் கை எப்போது பட்டனைத் தொடும், வேலை எவ்வளவு நேரம் இழுக்கும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். அதனால் எண்ணும் மாறும், மீனும் மாறும். நான் லூப்பைத் தாவியதில் கூட்டல் நடக்கவே இல்லை. எண் நின்ற இடத்திலேயே நின்றது. ஏரி செத்துப்போனது.

உடனே பராமரிப்பவர்களுக்கு எழுதினேன்: தயவுசெய்து இதைச் சேர்க்க வேண்டாம், இதில் பிழை இருக்கிறது, காரணம் இது. மறுநாள் அவர்களில் ஒருவரிடமிருந்து இரண்டு வரி வந்தது. பிழையை நீங்களே கண்டுபிடித்ததற்கு நன்றி, நாங்கள் இதைக் கவனித்திருக்க மாட்டோம் என்று. கண்டுபிடித்தது நானில்லை, என் அண்ணி என்று பதில் போட்டேன்.

"இன்னா சொன்னாங்க?" என்று அண்ணி கேட்டார். சொன்னேன். "ம்" என்றார். மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப பழைய மாரி இழுக்கறதுதானா கதி?" என்றார்.

"இல்ல அண்ணி. இருங்க."

இருங்க என்று சொல்லிவிட்டேனே தவிர, வழி தெரியவில்லை. லூப்பைச் சுற்ற விட்டால் மெதுவாகும். சுற்றவிடாமல் தாவினால் மீன்கள் வரிசையில் நிற்கும். ஒரு வாரம் இதையே மென்றுகொண்டிருந்தேன். ஷேர் ஆட்டோவில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக்கூடப் போயிருக்கிறேன்.

வழி எனக்குக் கிடைத்தது பிளஸ் ஒன் விடைத்தாள்களில். நானே கொடுத்த கேள்விதான்: இந்த லூப் முடியும்போது i-யின் மதிப்பு என்ன? பெரும்பாலான பிள்ளைகள் ஒவ்வொரு சுற்றாக எழுதி, பக்கம் போதாமல், எங்கோ தப்பாகக் கூட்டியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் சுற்றவே இல்லை. எத்தனை முறை சுற்றும் என்று ஒரே வரியில் கணக்குப் போட்டு, அதை முதல் மதிப்போடு கூட்டி, விடையை எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த முறைதான் அது.

சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடிக்க எவ்வளவு நேரம் பாக்கி என்று எமுலேட்டருக்குத் தெரியும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்றும் தெரியும். வகுத்தால் எத்தனை சுற்று என்று வந்துவிடும். அத்தனையையும் ஒரே கூட்டலாகக் கூட்டி எண்ணில் போட்டுவிட்டு, அப்புறம் தாவினால் போதும். விளையாட்டைப் பொறுத்தவரை அது உண்மையிலேயே காத்திருந்த மாதிரிதான்.

எழுதியது சின்னத் துண்டுதான். ஆனால் இந்தத் தடவை யாருக்கும் அவசரப்பட்டு அனுப்பவில்லை. அண்ணியை விளையாடச் சொல்லி, அவர் அழுத்திய பட்டன்களை எல்லாம் நேரத்தோடு பதிவு செய்தேன். அதே பட்டன்களை, எந்தத் தாவலும் இல்லாத மெதுவான புரோகிராமிலும் என் புதிய புரோகிராமிலும் தனித்தனியாக ஓடவிட்டேன். லேப்டாப் திரையில் இரண்டு ஏரிகள் பக்கத்தில் பக்கத்தில். இரண்டிலும் ஒரே மீன் வர வேண்டும், ஒன்று மாறினாலும் நான் தப்பு.

என் வீட்டுக்காரர் ஒரு பக்கத்தைப் பார்த்துச் சொன்னார், அண்ணி மறுபக்கத்தை. "கெண்ட." "கெண்ட." "ஒண்ணுமில்ல." "ஒண்ணுமில்ல." "பூட்ஸு." "பூட்ஸுதான்." கடைசிவரை பிசகவில்லை. மறுபடி புதிதாக ஆரம்பித்தால் வேறு வரிசை வந்தது. ஏரி உயிரோடு இருந்தது, முழு வேகத்தில்.

அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இத யாராச்சும் உனுக்குச் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்ல அண்ணி. நானேதான்."

"ம்" என்றார் மறுபடி. ஆனால் அன்று சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி சமையலறைக்கு வந்து, நான் போடுவதற்கு முன்னால் அவரே டீ போட்டார்.

பராமரிப்பவர்கள் சுலபத்தில் விடவில்லை. இந்த நிலைமை வந்தால் என்ன, அந்த நிலைமை வந்தால் என்ன என்று கேள்வி மேல் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் சோதித்துப் பார்த்துப் பதில் எழுதினேன். ஓரிடத்தில் வகுத்தலில் மீதியை நான் கவனிக்காததைச் சுட்டிக்காட்டினார்கள். சரி செய்தேன். வேறு சில விளையாட்டுகளிலும் இதே வடிவ லூப் இருப்பதாக அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். கடைசியில் ஒரு நாள் மதிய இடைவேளையில், டிபன் பாக்ஸைத் திறக்கும்போது போனில் செய்தி வந்தது. உங்கள் திருத்தம் சேர்க்கப்பட்டது. எலுமிச்சை சாதத்தை அப்படியே வைத்துவிட்டு அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் எழுதிய நிரல், நான் பார்த்தே இராதவர்களின் கைகளுக்குள் ஓடப் போகிறது.

அடுத்த பதிப்பு வெளிவந்ததும், எந்த ஊரென்று தெரியாத ஒருவர் அவர்களுடைய இணையப் பக்கத்தில் எழுதியிருந்தார். எங்களுடையதைப் போலவே மலிவான மெஷின் வைத்திருப்பவர். இதுவரை நொண்டிக்கொண்டிருந்த ஒரு கார் ரேஸ் விளையாட்டு இப்போது பறக்கிறது, இதைச் செய்தவர் யாரோ அவருக்கு நன்றி என்று. அதைத் தமிழில் சொல்லி அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

கட்டுப் பிரித்த வாரத்தில் அண்ணிக்கு வெளிக்காற்று வேண்டும் என்று முட்டுக்காட்டுக்குக் கூட்டிப்போனோம். படகுத்துறைக்குப் பக்கத்தில், நிழலாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்தோம். நாங்கள் இருவரும் மாங்காய் வாங்கப் போனோம். திரும்பி வரும்போது "மாட்டிச்சு! மாட்டிச்சு!" என்று ஒரு கூச்சல். படகுக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாம் தண்ணீரைப் பார்த்தார்கள். அண்ணி மெஷினை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, உடம்பையே பின்னுக்குச் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தார். "ஐயோ பாத்துக்கா, கயிறு அறுந்துறப் போவுது" என்று தம்பி கத்தினார். நான் மாங்காய்ப் பொட்டலத்தோடு மூச்சு விடாமல் நின்றேன். திரை முழுக்க ஒரு மீன் எழும்பியது. தாசில்தார்.

பெஞ்சின் மறுமுனையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், "இன்னா கேம்க்கா அது?" என்று கேட்டாள்.

அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டே என்னைக் கைகாட்டினார். "இது ஓடாத கெடந்துச்சும்மா. எங்க தம்பி பொண்டாட்டி சரி பண்ணிச்சு. டீச்சரு. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுது. அது எழுதுனத வெளிநாட்டுக்காரன்லாம் வாங்கிப் போட்டுகினு கீறான்."

வாங்கவில்லை, இலவசம் என்று திருத்த வாயெடுத்தேன். திருத்தவில்லை. மாங்காயில் மிளகாய்த்தூள் அதிகம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அண்ணி இப்போது டியூட்டிக்குத் திரும்பிவிட்டார். கருங்குழியில் ஒரு வளைகாப்புக்குப் போனபோது, எனக்கு முன்பின் தெரியாத மூன்று பெண்கள் வந்து, "நீங்கதான் அந்த புரோகிராம் எழுதறவங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். முன்பென்றால், சும்மா ஸ்கூல்ல கிளாஸ் எடுக்கறேன் என்று இழுத்திருப்பேன்.

போன மாதம் பராமரிப்பவர்கள், வேறொரு விளையாட்டின் பெயரைப் போட்டு, இது ஏன் மெதுவாக ஓடுகிறது என்று பார்க்க முடியுமா என்று என்னைக் கேட்டு எழுதியிருந்தார்கள். என் பெயரைக் குறிப்பிட்டே. ஞாயிற்றுக்கிழமை காலை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தோசை ஊற்றிக்கொண்டே எட்டிப் பார்த்து, "இதுவும் சும்மா நிக்கிதா?" என்று கேட்டார்.

"இல்ல. இது நெஜமாவே வேல செய்யுது" என்றேன். "அதான் இன்னும் கஷ்டம்."

தட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டு, ஹாலில் ஓடிக்கொண்டிருந்த டிவியைச் சத்தம் போடாமல் அணைத்தார்.